திறந்த படகில் புகை எப்படி ஆளைக் கொல்லும்?

கேள்வி, மே 11 (திசையன்விளை வாசகர்)

என் அத்தான் அமெரிக்காவில் டெக்சாஸில் இருக்கிறார், ஏரியில் ஓட்ட ஒரு பெட்ரோல் படகு வைத்திருக்கிறார். போன மாதம் நாங்கள் போயிருந்தபோது என் மகள் படகின் பின்பக்கப் பலகையில் உட்கார்ந்து தண்ணீரில் கால் நனைக்கப் போனாள். அத்தான் சத்தம் போட்டுவிட்டார். எஞ்சின் ஓடும்போது அங்கே உட்காரக் கூடாதாம், புகை ஆளைக் கொன்றுவிடுமாம். பிள்ளை அழுதேவிட்டாள். சுற்றிலும் திறந்தவெளி, நல்ல காற்று, இதில் எந்தப் புகை நிற்கும்? உவரியில் எங்கள் சித்தப்பா நாற்பது வருஷமாக எஞ்சின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வள்ளத்தின் பின்பக்கம்தான் உட்கார்ந்திருக்கிறார். வயசு எழுபத்திரண்டு, இன்னும் பனங்கிழங்கைப் பல்லால் நார் உரித்துத் தின்கிறார். இது வெளிநாட்டுக்காரர்களின் வெற்றுப் பயம்தானே?

மே 11, இரவு

வெற்றுப் பயம் இல்லை. உங்கள் அத்தான் சத்தம் போட்டதில் தப்பே கிடையாது. நான் பதினோரு வருஷம் ஷார்ஜாவில் ஒரு படகுப் பட்டறையில் மெக்கானிக்காக இருந்தவன், இப்போது வள்ளியூர் பக்கம் அவுட்போர்டு எஞ்சின், அதாவது வள்ளத்துக்கு வெளியே பின்பக்கம் மாட்டுகிற எஞ்சின், ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன்.

பெட்ரோல் எஞ்சின் புகையில் நூற்றுக்குச் சில பங்கு கார்பன் மோனாக்சைடு. இப்போதைய கார்களில் கன்வெர்ட்டர் என்று ஒன்று புகைக்குழாயில் இருக்கிறது, அது பெரும்பகுதியை எரித்துவிடும். படகு எஞ்சினில் ரொம்ப காலம் அது கிடையாது. அமெரிக்காவிலேயே படகுக்கு உள்ளே வைக்கிற பெட்ரோல் எஞ்சின்களுக்கு 2010 மாடலிலிருந்துதான் அந்த அளவுக்குக் கட்டுப்பாடு வந்தது. உங்கள் அத்தான் படகு எந்த வருஷத்து மாடல் என்று கேளுங்கள்.

இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. கனமான வாயு, தண்ணீர் மேல் படிந்து கிடக்கும். மூச்சில் போனால் ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் துண்டு போட்டு உட்கார்ந்துகொள்ளும். ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனுக்கு இருக்கிற பிடிப்பைவிட இதற்கு 200 மடங்குக்கு மேல் பிடிப்பு. சாதாரணக் காற்றைச் சுவாசித்துக்கொண்டிருந்தால் நாலைந்து மணி நேரம் கழித்துத்தான் பாதியாவது எழுந்து போகும்.

மே 11, படுக்கப் போகும் முன்

சித்தப்பா விஷயத்தை விட்டுவிட்டேன். வள்ளத்தையும் ஏரிப் படகையும் ஒன்றாகப் பார்க்காதீர்கள். வள்ளத்துக்குக் கூரை இல்லை, கேபின் இல்லை, பின்னால் உயரமான சுவர் இல்லை, காற்று தடையில்லாமல் வழித்துக்கொண்டு போய்விடும். ஓட்டத்தில் இருக்கும்போது அவுட்போர்டின் புகை பெரும்பாலும் தண்ணீரைத் தள்ளுகிற விசிறியின் நடு வழியாகத் தண்ணீருக்கு அடியில்தான் போகிறது. அதோடு எரிபொருள் விற்கிற விலைக்கு எஞ்சினைச் சும்மா உறும விட்டு உட்கார்ந்திருக்க அவர்களுக்கு என்ன கிறுக்கா? அத்தான் படகு விஷயம் வேறு. அது நிற்கும்போதும் எஞ்சின் ஓடும், பாட்டுக்கு, ஐஸ்பெட்டிக்கு, சும்மா கெத்துக்கு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சாகவில்லை என்பதும் ஒன்றும் ஆகவில்லை என்பதும் ஒன்றல்ல. சித்தப்பாவுக்குச் சாயங்காலம் தலைவலி வருமா என்று கேட்டுப் பாருங்கள்.

மே 12

"காற்று அடித்துக்கொண்டு போய்விடாதா" என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒருவர் தலைப்பைப் பார்த்து சிகரெட் விவகாரம் என்று நினைத்து வந்ததாகச் சொல்கிறார். வந்தது வந்துவிட்டீர்கள், இருந்து படியுங்கள்.

மழை இல்லாத நாளில் மண் ரோட்டில் ஓடுகிற டவுன் பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்திருக்கிறீர்களா? முன்பக்க ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கும், பஸ் முன்னால் ஓடுகிறது, புழுதி பின்னால்தானே போக வேண்டும்? போகாது. சுருண்டு வந்து பின் கண்ணாடி முழுக்க அப்பும், பின்வாசல் திறந்திருந்தால் உள்ளே வந்து நம் தலையில் படியும். ஓடுகிற பொருளுக்குப் பின்னால் காற்று குறைந்த ஒரு பள்ளம் உண்டாகிறது, அதை நிரப்பப் பின்னாலிருக்கும் காற்று திரும்பி ஓடி வருகிறது.

இன்னும் நன்றாகப் பார்க்க வேண்டுமென்றால் தாமிரபரணியில் தண்ணீர் கொஞ்சம் கூடுதலாக வரும்போது குறுக்குத்துறைக்குப் போங்கள். முருகன் கோயில் ஆற்றுக்குள்தான் நிற்கிறது. இரண்டு பக்கமும் தண்ணீர் இழுத்துக்கொண்டு ஓடும், கோயிலின் கீழ்ப்பக்கத்தில் மட்டும் சருகும் பூவும் எண்ணெய்ப் பாக்கெட்டும் நகராமல் சுற்றிக்கொண்டே கிடக்கும், சில நேரம் ஆற்றை எதிர்த்துக் கோயிலைப் பார்த்தே வரும். படகின் பின்பலகை இருப்பது அந்தச் சுழலில். புகைக்குழாயின் வாயும் அங்கேதான். அதாவது படகிலேயே காற்றோட்டமான இடம் என்று நாம் தேடிப் போய் உட்காருகிற இடத்தில்தான் காற்று ஓடுவதே இல்லை.

கேபின் படகில் இன்னும் மோசம். முன்பக்கத்தை எல்லாம் மூடி, பின்பக்கத்தை மட்டும் திறந்து வைத்தால் அந்தப் பள்ளம் கேபினுக்கு உள்ளேயே உண்டாகிவிடும். புகையை நாமே உள்ளே கூப்பிட்ட மாதிரி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒரு கதை சொல்ல வேண்டியிருக்கிறது.

மே 12, மதியம்

திருத்தம். நேற்று "கனமான வாயு, தண்ணீர் மேல் படியும்" என்று எழுதியிருந்தேன், ஒரு கெமிஸ்ட்ரி வாத்தியார் காதைத் திருகியிருக்கிறார். அவர் சொல்வது சரி. மோனாக்சைடின் எடைக் கணக்கு 28, காற்றுக்குச் சராசரியாக 29. காற்றைவிட ஒரு பொட்டு லேசுதான், கிட்டத்தட்ட ஒரே எடை. படியவும் செய்யாது, மேலே பறந்து போகவும் செய்யாது, காற்றோடு கலந்து காற்று போகிற இடத்துக்கெல்லாம் போகும். பட்டறையில் பத்துப் பேர் அப்படித்தான் சொன்னார்கள், நானும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டேன். கிணற்றில் படிகிற வாயு வேறு, அது கார்பன் டை ஆக்சைடு.

மே 14

ஆதாரம் கேட்டவருக்கு. அமெரிக்காவில் அரிசோனாவும் யூட்டாவும் சேருகிற இடத்தில் பவல் ஏரி என்று ஒரு பெரிய நீர்த்தேக்கம். 2000ஆம் வருஷம் ஆகஸ்டில் அங்கே ஒரு படகுவீட்டின் பின்பக்கம் நீந்திக்கொண்டிருந்த அண்ணன் தம்பி இரண்டு சிறுவர்கள் செத்துப் போனார்கள். பின்பலகைக்கு அடியில் ஒரு பொந்து மாதிரி இடம், ஜெனரேட்டர் புகையை அங்கேதான் விட்டிருந்தார்கள். வேலையிடப் பாதுகாப்பை ஆராய்கிற நயோஷ் என்ற அரசு நிறுவனம் அந்த ஏரிப் படகுகளில் அளந்து பார்த்தது. பலகைக்கு அடியில் 30,000 பிபிஎம் வரை வந்தது. பிபிஎம் என்றால் பத்து லட்சம் பங்கு காற்றில் எத்தனை பங்கு என்ற கணக்கு. 1,200 வந்தாலே உயிருக்கு உடனடி ஆபத்து என்று அதே நிறுவனம் வைத்திருக்கிறது. 30,000 என்றால் இரண்டு மூன்று மூச்சு, அவ்வளவுதான். நினைவு போகும், ஆள் தண்ணீருக்குள் போவார், பார்க்கிறவர்கள் மூழ்கிவிட்டார் என்பார்கள். ரத்தத்தைச் சோதிக்காவிட்டால் காகிதத்திலும் அப்படியேதான் ஏறும்.

நீச்சல் தெரிந்தவன் எப்படி மூழ்குவான் என்று நம் ஊர்களில் கேட்போமே, அந்தக் கேள்விக்கு இது ஒரு பதில். எல்லாவற்றுக்கும் இல்லை. தாமிரபரணியில் மூழ்குகிறவர்களுக்குக் கசமும் பாசிப் பாறையும் போதும்.

அதற்கப்புறம் ஜெனரேட்டர் புகையைக் குழாய் வைத்து மேல்தளத்துக்கும் மேலே கொண்டு போய்விடும் முறையையும் சோதித்துப் பார்த்தார்கள், ஆட்கள் இருக்கும் இடத்தில் அளவு வெகுவாகக் குறைந்தது. ரைஸ்மில்லுக்குப் புகைபோக்கி வைக்கிற அதே அறிவு. ஒரு தகரக் குழாய் வேலைக்கு இரண்டு பிள்ளைகள் போக வேண்டியிருந்தது.

மே 14, இரவு

ஓடுகிற படகின் பின்பலகையைக் கையால் பிடித்துக்கொண்டு அலையில் இழுபட்டு விளையாடுவது அங்கே ஒரு வழக்கம், அதைக் கலிஃபோர்னியாவில் 2005லிருந்து சட்டம் போட்டே தடுத்துவிட்டார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூக்கு புகைவாய்க்கு நேரே இருக்கும், எஞ்சினோ மெதுவான ஓட்டத்தில். அதில் விளையாடுகிறவர்கள் பெரும்பாலும் உயிர்காப்பு ஜாக்கெட்டும் போடுவதில்லை, அது இடைஞ்சலாம். விசிறியில் மாட்டுவது தனி.

மே 19

சரி, கதை.

ஜனவரி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. பட்டறைக்கு வந்த ஒரு கேபின் படகு, உள்ளே இரண்டு பெட்ரோல் எஞ்சின். வேலை முடிந்துவிட்டது, குடும்பத்தோடு ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துக்கொள் என்று முதலாளி சொன்னார். என் வீட்டுக்காரி, அவள் தங்கச்சி, தங்கச்சி மகன், அப்போது அவனுக்கு ஒன்பது வயசு, அப்புறம் கடையநல்லூர்க்காரர் ஒருவர், என்னோடு அறையில் இருந்தவர். நான் ஓட்டினேன். கரையை ஒட்டியே மெதுவாக ஒன்றரை மணி நேரம். திரும்பி வரும்போது பையன் தலைவலிக்குது என்றான், அப்புறம் வாந்தி எடுத்தான், அப்புறம் சுருண்டு தூங்கிவிட்டான். கடல் ஒத்துக்கவில்லை என்றோம். கடையநல்லூர்க்காரர் மதியம் சாப்பிட்ட பிரியாணி மேல் பழி போட்டார். தண்ணீர் தெளித்தோம், எலுமிச்சம்பழம் மோந்து பார்க்கக் கொடுத்தோம், எழுந்திருக்கவில்லை. எழுப்பினால் முழிப்பான், பேச்சு குழறும், மறுபடி விழுந்துவிடுவான். கரைக்கு வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

மெக்கானிக் நான். எஞ்சின் புகை என்று அந்த ஒன்றரை மணி நேரத்தில் ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை. இதில் வாயுவைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கடலில் தலைவலி வந்தால் வெயில், வாந்தி வந்தால் அலை, தள்ளாடினால் தண்ணி போட்டிருப்பான், தூங்கினால் களைப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் நம் கையில் ரெடியாக இருக்கிறது.

மே 20

பையன் பிழைத்துவிட்டானா என்று நாலு பேர் கேட்டுவிட்டீர்கள். நேற்றே சொல்லியிருக்க வேண்டும், மன்னியுங்கள். நன்றாக இருக்கிறான். கோவையில் இன்ஜினியரிங் படிக்கிறான், வீட்டுக்கு வந்தால் என் பைக்கை எடுத்துக்கொண்டு பெட்ரோல் போடாமல் திருப்பித் தருகிறான்.

ஆஸ்பத்திரி விஷயம். எந்த ஆஸ்பத்திரி என்று எழுத மாட்டேன், கேட்காதீர்கள். விரலில் கிளிப் மாட்டிப் பார்த்தார்கள், ஆக்சிஜன் 98. நல்லாத்தானே இருக்கு, கடல் மயக்கம்தான், படுக்க வையுங்கள் என்றார்கள். கொரோனா காலத்தில் நாம் எல்லாரும் வாங்கினோமே, அதே கிளிப். சிவப்பு வெளிச்சத்தை வைத்து ரத்தத்தின் நிறத்தைப் பார்க்கிற கருவி அது. ஆக்சிஜன் ஏறிய ரத்தத்துக்கும் மோனாக்சைடு ஏறிய ரத்தத்துக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது, இரண்டும் சிவப்பு. துண்டு போட்டவனையும் டிக்கெட் எடுத்தவனையும் ஒன்றாகவே எண்ணி பஸ் நிறைந்திருக்கிறது என்று சொல்லிவிடும்.

ராத்திரி பணிக்கு வந்த ஒரு மலையாளி நர்ஸ்தான் "எஞ்சின் பக்கத்தில் இருந்தானா?" என்று கேட்டது. ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள், கார்பாக்சி ஹீமோகுளோபின் என்று தனியாகப் பார்க்க வேண்டும். அப்புறம் முகமூடி போட்டு முழு ஆக்சிஜன். சும்மா காற்றில் நாலைந்து மணி நேரம் எடுக்கிற பாதி இறக்கம், முழு ஆக்சிஜனில் ஒன்று ஒன்றரை மணி நேரத்தில் நடக்கும். விடியும்போது பையன் இட்லி கேட்டான். ஷார்ஜாவில் விடியற்காலை இட்லிக்கு எங்கே போக.

ஆகவே படகில் போய் வந்து இப்படி ஆனால், ஆஸ்பத்திரியில் நீங்களே சொல்ல வேண்டிய வார்த்தை, "எஞ்சின் புகை, கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் இருக்கிறதா பாருங்கள்".

மே 21

வீட்டுக்காரி இதையெல்லாம் படித்துவிட்டாள். பாதிக் கதையைத்தான் எழுதியிருக்கிறேன் என்கிறாள்.

அவள் சொல்வது இது. தலைவலி பையனுக்கு மட்டும் இல்லை. பின்பக்க சீட்டில் அவளும் தங்கச்சியும் உட்கார்ந்திருந்தார்கள், இரண்டு பேருக்கும் மண்டை இடித்தது. பையன் மயங்கினதும் அவர்கள் தலைவலியை யாரும் கணக்கில் எடுக்கவில்லை, அவர்களே எடுக்கவில்லை. முன்னால் ஓட்டிக்கொண்டிருந்த எனக்கும், என் பக்கத்தில் நின்று கதை பேசிய கடையநல்லூர்க்காரருக்கும் ஒன்றும் இல்லை. பிரியாணி ஐந்து பேரும் ஒரே சட்டியில் தின்றோம்.

நான் இத்தனை வருஷமாக அதைப் பையனின் கதையாகவே வைத்திருந்திருக்கிறேன். பின்னால் இருந்த மூன்று பேருக்கும் வந்தது, முன்னால் இருந்த இரண்டு பேருக்கும் வரவில்லை. இதை அன்றைக்கே யாராவது ஒரு ஆள் எண்ணிப் பார்த்திருந்தால் எஞ்சினை அணைத்திருப்போம்.

மே 23

ஆலப்புழை படகுவீடுகள் பற்றிக் கேட்டவருக்கு. செங்கோட்டை வழியாக நம் ஆட்கள் வேன் பிடித்துப் போகிற இடம், கேட்பது நியாயம்தான். அங்கே பெரும்பாலும் டீசல் எஞ்சின். டீசல் புகையில் மோனாக்சைடு பெட்ரோலைவிட மிகக் குறைவு, அதனால் பயமே இல்லை

மே 23, அரை மணி நேரம் கழித்து

மேலே உள்ளதை முடிக்காமல் அனுப்பிவிட்டேன், அதுவும் நல்லதாகப் போயிற்று. பயமே இல்லை என்று எழுதக் கூடாது. குறைவு, சுத்தமாக இல்லாமல் இல்லை. பராமரிப்பு இல்லாத எஞ்சின், மூடின அறை, இரவு முழுக்க ஏசிக்காக ஓடுகிற ஜெனரேட்டர், இதெல்லாம் சேர்ந்தால் டீசலையும் நம்ப மாட்டேன். ஜெனரேட்டர் பெட்ரோலில் ஓடுகிறதா, புகை எந்தப் பக்கம் போகிறது என்று ஏறும்போதே கேளுங்கள், படுக்கிற அறை அதற்குப் பக்கத்தில் இருந்தால் மாற்றிக் கேளுங்கள். இரண்டு படகை ஒட்டிக் கட்டியிருந்தால் பக்கத்துப் படகுக்காரன் புகையும் உங்களுடையதுதான். எஞ்சினோ ஜெனரேட்டரோ ஓடுகிற படகிலிருந்து 20 அடியாவது தள்ளி நில் என்பது அமெரிக்காவில் சொல்கிற கணக்கு.

ஜூன் 2

கிணற்று விஷயத்தை ஒருவர் கிளப்பியிருக்கிறார், படகை விட்டு விலகினாலும் பரவாயில்லை. தண்ணீர் கீழே போன வருஷங்களில் மண்ணெண்ணெய் எஞ்சினைக் கிணற்றுக்குள் படி போட்டு இறக்கி ஓட்டுவார்கள். எங்கள் பெரியப்பா ஒரு ஆளை உள்ளே விடும் முன்னால் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்குவார். விளக்கு அணைந்தால் யாரும் இறங்கக் கூடாது. நல்ல பழக்கம், ஆக்சிஜன் இல்லை என்பதை அது காட்டும். ஆனால் மோனாக்சைடைக் காட்டாது. ஆளைக் கொல்ல ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு போதும், அதில் விளக்கு ஜம்மென்று எரியும். விளக்கு எரிகிறதே என்று இறங்குகிறவன் மயங்குவான், அவனைத் தூக்க இறங்குகிறவனும் மயங்குவான். பழைய காலத்தில் இங்கிலாந்து நிலக்கரிச் சுரங்கத்தில் விளக்கு இருந்தும் கூண்டில் கேனரிக் குருவியையும் கொண்டு போனது இதற்காகத்தான். சின்ன உடம்பு, வேகமான மூச்சு, மனுஷனுக்கு முன்னால் அது விழும்.

எங்கள் படகில் அது ஒன்பது வயசுப் பையன். எழுதும்போதுதான் உறைக்கிறது.

ஜூன் 17

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது, வெண்ணமடைக் குளத்தில் படகு விடுவார்கள், அங்கே இந்த ஆபத்து உண்டா என்று ஒருவர் நிஜமாகவே கேட்டிருக்கிறார். அண்ணாச்சி, மிதிபடகில் எஞ்சின் உங்கள் முழங்கால்தான். அதிலிருந்து வருகிற வாயுவுக்கு என்னிடம் மருந்து இல்லை.

காரையாறு அணையிலிருந்து பாணதீர்த்தத்துக்கு எஞ்சின் படகில் போன நாட்களை இன்னொருவர் நினைவுபடுத்தினார். நானும் பள்ளிக்கூடத்துப் பிள்ளையாகப் போயிருக்கிறேன். பின்சீட்டுக்குத்தான் சண்டை. தண்ணீர் தெறிக்கும், கையை விட்டு அளையலாம், எஞ்சின் சூடு முதுகுக்கு இதமாக இருக்கும். திரும்பி வந்ததும் தலை கிறுகிறுத்தது என்று நினைவு. மலைப்பாதை பஸ் என்று நினைத்தோம், பஸ்ஸாகவும் இருந்திருக்கலாம்.

ஜூலை 6

அலாரம் பற்றி. ஆன்லைனில் வாங்கலாம், ஆனால் பெயரைப் பார்த்து வாங்குங்கள். சமையல் கேஸ் கசிந்தால் கத்துகிற பெட்டியை வாங்கி வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள், அது வேறு இது வேறு. கார்பன் மோனாக்சைடு என்று தெளிவாகப் போட்டிருக்க வேண்டும். அமெரிக்கத் தரப்படி செய்த பெட்டி 400 பிபிஎம் வந்தால் கால் மணி நேரத்துக்குள் கத்தும், 70க்கு ஒன்றிலிருந்து நாலு மணி நேரம் வரை எடுத்துக்கொள்ளும். படகுக்கென்றே உப்புக்காற்றும் குலுக்கலும் தாங்குகிற மாதிரியும் இருக்கிறது. கேபினுக்கு அது போதும். வெளியே பலகையில் கால் தொங்கப் போட்டிருக்கிற பிள்ளைக்கு உள்ளே மாட்டின அலாரம் எதுவும் செய்யாது. அங்கே எஞ்சினை அணைப்பது மட்டும்தான்.

ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் குடில் போட்டுத் தங்கப் போகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன். கையில் தூக்குகிற பெட்ரோல் ஜெனரேட்டரை மழை நனைக்காமல் இருக்கத் தார்ப்பாய்க்குள் இழுத்து வைக்கிறார்கள். நனைந்தால் ஷாக் அடிக்கும், அதனால் மழையில் அணைத்து வையுங்கள், தார்ப்பாய்க்குள் வைத்து ஓட்டாதீர்கள்.

ஜூலை 7

மே 12 குறிப்பில் ஒரு கதை சொல்ல வேண்டும் என்றேன், மே 19இல் சொன்னேன். ஆனால் முன்பக்கத்தை மூடிப் பின்பக்கத்தைத் திறந்து வைப்பது பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை என்று ஒரு அம்மா கண்டுபிடித்துவிட்டார்கள். கோர்ட்டில் இருக்க வேண்டியவர்கள்.

ஜனவரிக் காற்று அன்றைக்குக் குளிர்ந்து அடித்தது. பெண்களுக்கும் பையனுக்கும் குளிரும் என்று முன் கண்ணாடியைச் சாத்தி, மேல் மூடியைச் சாத்தி, இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் திரையை இழுத்து ஜிப் போட்டது நான். பின்பக்கத் திரையை மட்டும் சுருட்டிக் கட்டினேன், கடல் தெரியட்டும் என்று. பையனைப் பின்னால் உட்கார், அங்கேதான் காற்று படாது என்று சொன்னதும் நான்தான்.

காற்று படவில்லை.

ஜூலை 21

திசையன்விளைக்காரர் போன ஞாயிற்றுக்கிழமை கடைக்கே வந்துவிட்டார், சித்தப்பாவைப் பார்க்கப் போகலாம் என்று. என்னிடம் எண் காட்டுகிற மோனாக்சைடு மீட்டர் இருக்கிறது, எடுத்துக்கொண்டு போனேன். உவரியில் அவர் வள்ளத்திலேயே ஏறினோம். பின்பக்கம், கைப்பிடிக்குப் பக்கத்தில் அவர் மூக்கு உயரத்துக்கு மீட்டரைப் பிடித்தேன். ஓட்டத்தில் எண் பூஜ்யத்தை ஒட்டியே கிடந்தது. திசையன்விளைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

திரும்பும்போது கரைக்கு வெளியே நின்றோம். அலை ஓய்கிற நேரம் பார்த்துத்தான் கரை ஏற்ற வேண்டும், அதுவரை எஞ்சின் சும்மா ஓடும். சும்மா ஓடும்போது புகை தண்ணீருக்கு மேலே இருக்கிற சின்ன ஓட்டை வழியாகவும் வரும். சோதனைக்காக வள்ளத்தைக் கரையைப் பார்த்து அப்படியே நிறுத்தச் சொன்னேன். கடல்காற்று முதுகுப் பக்கத்திலிருந்து. எண் ஏறத் தொடங்கியது, மூன்று இலக்கத்தைத் தொட்டது, திசையன்விளைக்காரர் சிரிப்பை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

சித்தப்பா மீட்டரைப் பார்க்கவே இல்லை. பொறுமை இழந்து கைப்பிடியைத் தள்ளி வள்ளத்தைத் திருப்பினார், அணியம், அதாவது வள்ளத்தின் முன்பக்கம், கடலைப் பார்த்து வந்தது, காற்று முகத்தில் அடித்தது, எண் இறங்கிவிட்டது. எப்போதும் இப்படித்தான் நிறுத்துவீர்களா என்று கேட்டேன்.

"பின்ன? கரையப் பாத்துகிட்டு நின்னா அலை வாறது தெரியாது, பொகையும் மூஞ்சியில அடிக்கும். தல வலிக்கும்லா."

யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டதற்கு, அவர் அப்பா காலத்தில் எஞ்சினே கிடையாது, யார் சொல்லிக் கொடுப்பான் என்றார். அப்புறம் அலை ஓய்ந்தது, பேச்சை நிறுத்திவிட்டு எங்களைக் குனிந்து பிடித்துக்கொள்ளச் சொன்னார்.